சளி எடுக்கிற ஜேபி

ஜெயப்பிரகாஷ் என்று அவன் அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் அவன் ஜேபி. அண்ணாமலை நகர்ப் பக்கம் போனால் ஜேபி சார். வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, பைக்கின் பின்சீட்டில் சளி உறிஞ்சும் மெஷினைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஆட அவன் போகிற தோரணையைப் பார்த்தால், ஊரில் மூச்சு விடுகிற அத்தனை பேரும் இவன் தயவில்தான் விடுகிறார்கள் என்று தோன்றும். அந்த ஸ்டெதாஸ்கோப்பை அவன் காதில் மாட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் ஆரோக்கிய அனிதா. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ். மூச்சுக்குழாய் போட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதிலேயே எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே ஜேபியைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இருந்தாலும் அவன் கதையை எழுதத்தான் வேண்டும். அவனைப் போல ஒருவன் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறான். ஜனங்களும் படித்த நர்ஸை விட்டுவிட்டு அவனைத்தான் போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள்.

அவனுக்குச் சொந்த ஊர் புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவன் அம்மா மாரியம்மாள் தொக்கம் எடுப்பவர். குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, இளைத்துப்போகிறது என்றால், எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போவதற்கு முன்னால் தொக்கம் எடுக்கத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். குடலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். மாரியம்மாள் குழந்தையை மடியில் போட்டு வயிற்றை நீவுவார், உச்சியில் ஊதுவார், தொண்டைக்குழியில் வாயை வைத்து உறிஞ்சி உள்ளங்கையில் துப்பிக் காட்டுவார். ஒரு தலைமுடி இருக்கும், ஒரு சோற்றுப்பருக்கை இருக்கும், சில சமயம் இலைத்துண்டுகூட இருக்கும். வயிற்றில் கிடந்தது கழுத்துத் தோலைத் தாண்டி இந்த அம்மாள் வாய்க்குள் எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கண்ணால் பார்த்தாயிற்று, அதோடு தாய்மார்களுக்கு மனசு ஆறிப்போகும். குழந்தையும் நாலு நாளில் தானாகத் தேறிவிடும், பேர் மாரியம்மாளுக்கு.

இதையெல்லாம் நான் தோண்டித் துருவித் தெரிந்துகொள்ளவில்லை. ஜேபியே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். "எங்கம்மா கையி ராசிதான் சிஸ்டர் எனுக்கும் வந்துருக்குது" என்பான். வந்தது கைராசி அல்ல, கைவித்தை. அதைச் சொன்னால் சிரிப்பான். அவனுக்குக் கோபமே வராது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

கடலூரில் நர்சிங் உதவியாளர் படிப்பு ஒன்றில் சேர்ந்து பாதியில் விட்டான். பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு சிதம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் அட்டெண்டர். ஸ்ட்ரெச்சர் தள்ளினான், பெட் ஷீட் மாற்றினான், சொந்தக்காரர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து எல்லோருக்கும் வேண்டியவன் ஆனான். அங்கேதான் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்த நோயாளிக்கு நர்ஸ் சளி எடுப்பதை முதல் முதலாகப் பார்த்தான். நர்ஸ் செய்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. பாட்டிலில் சளி வந்து விழுந்ததும் கதவோரம் நின்ற சொந்தக்காரர்களின் முகம் எப்படி மலர்ந்தது என்பதைக் கவனித்தான். அம்மாவிடம் வருகிறவர்களின் முகம் அவனுக்கு மனப்பாடம். கொஞ்ச காலத்தில் பழைய மெஷின் ஒன்றைப் பிடித்தான், கோட்டுத் தைத்துக்கொண்டான், வீடு வீடாகப் போக ஆரம்பித்தான்.

இந்த வேலை என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கழுத்துக் குழாய் வழியாக மூச்சு விடுகிறவருக்கு மூக்கு சும்மா கிடக்கும். காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியைப் பிடித்து அனுப்புகிற அதன் வேலையை நாம்தான் வேறு வழியில் செய்ய வேண்டும். சளி கொஞ்சம் வரத்தான் செய்யும். மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டால், இருமியும் வெளியே வராவிட்டால், விரலில் மாட்டிய மீட்டரில் ஆக்சிஜன் இறங்கினால், அப்போது எடுக்க வேண்டும். மணி அடித்தால் எடுக்கிற வேலை இல்லை இது. கையைக் கழுவ வேண்டும், சுத்தமான மெல்லிய குழாயை அளவாக உள்ளே விட வேண்டும், வெளியே இழுக்கும்போது மட்டும்தான் உறிஞ்ச வேண்டும். நாம் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால், நமக்கு முட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஏனென்றால் உறிஞ்சுகிற நேரமெல்லாம் அந்த ஆளுக்கு மூச்சு இல்லை. நன்றாகச் செய்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அதுதான் இந்த வேலையின் துரதிர்ஷ்டம்.

ஜேபி செய்வது வேறு. காலையிலும் மதியமும் சாயந்தரமும் வருவான். சளி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதெல்லாம் கிடையாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை எடுத்துக் குழாய்க்குள் பீய்ச்சுவான். அந்த ஆள் கண் பிதுங்கி இருமுவார். குழாயை ஆழமாக விட்டு, முட்டுகிற இடத்தில் இடித்து இடித்து உறிஞ்சுவான். விட்ட தண்ணீரும், அது கிளப்பிவிட்ட சளியும், உள்ளே கீறியதில் வந்த ரத்தக் கோடும் சேர்ந்து பாட்டிலில் இறங்கும். கடைசியில் குழாயைக் கழுவுகிறேன் என்று ஒரு டம்ளர் தண்ணீரையும் அதே பாட்டிலுக்கு உறிஞ்சிவிடுவான். சாயந்தரம் வரை பாட்டிலைக் கொட்ட மாட்டான். கொட்டுவதற்கு முன் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவான். "பாத்தீங்களா, இம்மாம் உள்ள இருந்துருக்கு." எடுக்க எடுக்க உள்ளே புண்ணாகும், புண்ணானால் சளி இன்னும் சுரக்கும், சுரந்தால் ஜேபி இன்னொரு முறை வருவான். நிற்காத வண்டி.

அண்ணாமலை நகரில் ரிட்டயரான அறிவியல் பேராசிரியர் ஒருவர், பெயர் வேண்டாம், தன் மனைவியின் பாட்டிலைத் தினமும் படம் எடுத்து, தன்னோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் விஞ்ஞானிகள்தான். "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினார்கள். தண்ணீரையும் சளியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத இந்த மேதைகள் எந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்களோ.

இப்படிப்பட்டவன் என் மாமா வீட்டுக்குள்ளும் வந்தான்.

என் அம்மாவுடன் பிறந்தவர் லூயிஸ் மாமா. கடலூர் சிதம்பரம் ரூட்டில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமாவின் குரலைத்தான் எல்லோருக்கும் தெரியும். முன் படியில் நின்று "உள்ள ஏறு, உள்ள ஏறு, எடம் கெடக்குது" என்று கத்தினால் பின் சீட்டில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். வீட்டிலும் அதே குரல்தான். சவரிமேரி அத்தை அடுப்படியில் இருக்க, வாசலில் இருந்தே டீ கேட்பார், தெருவே டீ போடும்.

ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு அவருக்குக் கால் மரத்தது, பிறகு கை, பிறகு மூச்சு விடுகிற தசைகள். நரம்பு நோய். மூளைக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் கேட்கும், தெரியும், வலிக்கும். பெரும்பாலானவர்கள் மெல்ல மெல்லத் தேறிவிடுவார்கள், அதுவரை உயிரைப் பிடித்துவைக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் போட்டார்கள், கழுத்தில் குழாய் வைத்தார்கள். வாரக்கணக்கில் கிடந்து, தானாக மூச்சு விட ஆரம்பித்ததும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். "கை கால் தெம்பு வரட்டும், சளி கொறையட்டும், குழாய எடுத்துடலாம்" என்றார் தொண்டை டாக்டர். குழாயை எடுத்தால்தான் மாமாவுக்குக் குரல். விரல்கள் பேனாவைப் பிடிக்காததால் எழுதிக் காட்டவும் வழியில்லை. அந்த மனிதருக்கு இனி வேண்டியது அது ஒன்றுதான். குழாய் வெளியே வர வேண்டும், வாயைத் திறந்தால் சத்தம் வர வேண்டும்.

முதல் சில நாள் நான் லீவு போட்டு வந்து அத்தைக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். உள்குழாயைக் கழற்றிக் கழுவுவது, கழுத்துப் பட்டையை ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டுவது, ஓட்டையைச் சுற்றித் துடைப்பது, எப்போது சளி எடுப்பது, எப்போது கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் கடலூர் பஸ் ஏறியதும் பயந்துபோய் ஜேபிக்குப் போன் போட்டுவிட்டார். மாதா கோயிலில் அத்தையோடு பாடுகிற யாரோ நம்பர் கொடுத்தார்களாம். கோயிலுக்கு வருகிறவர்கள் ஜெபத்தை மட்டும் பரிமாறிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்து, குழாயைப் பார்த்து, பட்டையைப் பார்த்து, கழுத்துப் புண்ணைப் பார்த்துவிட்டு ஓடுவேன். ஞாயிறு ஜேபிக்கு விடுமுறை. ஆகவே பாட்டில் கவிழ்த்துக் காயவைத்திருக்கும். ஆள் வருகிறான் என்பது தெரியும், என்ன செய்கிறான் என்பது அப்போது தெரியாது.

ஒரு நாள் மாமாவின் மகள் சிந்தியா சென்னையிலிருந்து போன் செய்தாள். "அக்கா, டாக்டர் மறுபடியும் தள்ளிப் போட்டுட்டாரு. சளி ஜாஸ்தியா இருக்குதாம். அடுத்த மாசம் பாக்கலாங்கிறாரு. அப்பா ரெண்டு நாளா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துருக்காராம்" என்று சொல்லி அழுதாள். டாக்டருக்கு எப்படித் தெரியும் என்றேன். அத்தை தன் போனில் இருந்த பாட்டில் படங்களைக் காட்டினாராம். படத்தைப் பார்த்த டாக்டர் தொண்டையைப் பார்க்கவில்லை. எனக்கும் அனுப்பு என்றேன். அனுப்பினாள். பிரசவமான வீட்டில் பிள்ளையைப் படம் எடுக்கிற மாதிரி நாள் தவறாமல் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் இருந்தது சளி அல்ல, தண்ணீர். ஐசியூவில் முதல் வருஷம் வேலை பார்க்கிற பெண்கூடச் சொல்லிவிடுவாள். ஒருவனுடைய பாட்டில் பொய்யால் என் மாமாவின் குரல் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.  அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

நான் வீட்டுக்குள் போனபோது ஜேபி வேலையில் இருந்தான். கட்டிலின் விளிம்பில், மாமாவின் தொடையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். "மாமா, இன்னிக்கி நம்ம ரூட்டுல என்னா ஆச்சின்னு தெரியுமா? ஆலப்பாக்கத்துல ஒரு அம்மா கோழிக்கி டிக்கெட் வாங்க மாட்டன்னு ஒரே சண்ட. கண்டக்டரு சின்னப் பையன், முழிக்கிறான். நீங்க இருந்துருந்தா கோழியயே எறங்கிப் போகச் சொல்லியிருப்பீங்க." சொல்லிச் சிரித்தான். அவருக்கு மருமகள் நான். இவன் எப்போது மருமகன் ஆனான்? பதில் பேச முடியாத ஆளிடம் வாய்ச்சவடால் அடிப்பது எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

பேசிக்கொண்டே சிரிஞ்சில் தண்ணீர் எடுத்தான். மாமா கைகள் இரண்டையும் மெல்லத் தூக்கி நெஞ்சுக்கு மேல் சேர்த்தார். அந்தக் கைகளில் அப்போதுதான் அவ்வளவு தெம்பு வந்திருந்தது. கும்பிட்டார்.

"பாத்தியா அனிதா, டெய்லி இப்பிடித்தான்" என்றார் அத்தை, கண் கலங்க. "தம்பி வந்தா கையெடுத்துக் கும்புடுறாரு. அந்த நன்றிய வாயால சொல்ல முடியலியே."

ஜேபி அதை வீடியோ வேறு எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தானாம். நூற்றுக்கணக்கான பேர் பார்த்திருந்தார்களாம்.

 கையெடுத்துக் கும்பிடுவதில் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தமா? போலீஸ்காரன் லத்தியைத் தூக்கினாலும் கும்பிடத்தானே செய்கிறோம். நான் போய் அவன் கையிலிருந்த சிரிஞ்சைப் பிடுங்கினேன். மாமாவின் முகத்துக்கு முன்னால் குனிந்து, "மாமா, வேணான்னு கும்புடுறீங்களா? ஆமான்னா கண்ண மூடித் தொறங்க" என்றேன்.

மாமா கண்ணை மூடினார். வெகு நேரம் மூடியே இருந்தார். திறந்தபோது ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  கட்டிய மனைவி, பெற்ற மகள், வந்துபோன கோயில் கூட்டம், வீடியோ பார்த்து உருகிய நூற்றுக்கணக்கான பேர், இதில் ஒருவருக்குக்கூட அவரைக் கேட்டுப்பார்க்கத் தோன்றவில்லை. கண் இருந்ததே, இமை இருந்ததே.

"இது எதுக்கு?" என்று சிரிஞ்சைக் காட்டி ஜேபியைக் கேட்டேன்.

"சளி இளகுறதுக்கு சிஸ்டர்."

"இளகுறதுக்கா, பாட்டில் ரொம்புறதுக்கா?"

அவன் கொஞ்சமும் அசரவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, வகுப்பு எடுக்கிறவன் மாதிரி சொன்னான். "ஆஸ்பத்திரியில நீங்க எடுக்குறது வேற. வீட்டுல இருக்கிறவங்களுக்குக் கண்ணுல ஒண்ணு காமிச்சாத்தான் தூக்கம் வரும். பாட்டில் காலியா இருந்தா இந்த அம்மா ராவெல்லாம் முழிச்சிக்கினு குழாயயே பாத்துக்கினு கெடக்கும். நா வந்துட்டுப் போனப்புறந்தான் சாப்புடுது. கேட்டுப் பாருங்க."

"அதுக்காக அவரு நெஞ்சக் கீறுவியா? ஒன்னால டாக்டரு குழாய எடுக்க மாட்டங்குறாரு, தெரியுமா?"

அது அவனுக்குத் தெரியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். முகம் ஒரு கணம் மாறியது. அவ்வளவுதான். உடனே பழைய சிரிப்பை மாட்டிக்கொண்டு மெஷினைக் கட்டினான். "சரி சிஸ்டர், நீங்க பாருங்க" என்றான். போகும்போது மாமாவின் பாதத்தைப் பிடித்து ஆட்டி, "வரேன் மாமா. மேட்ச் இருக்குது, ஸ்கோர் அத்த போனுக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வெட்கம் என்று ஒன்று அவன் உடம்பில் எந்தப் பக்கமும் கிடையாது.

அன்று முதல் நானே பார்த்தேன். உப்புத் தண்ணீரைத் தூக்கிப் போட்டேன். காற்று ஈரமாகப் போகும்படி குழாய் வாயில் அதற்கான ஃபில்டரை மாட்டினேன். தலைமாட்டை உயர்த்தி வைத்தேன். "இருமுங்க மாமா, இன்னும், நெஞ்சுல இருந்து" என்று சொல்லிச் சொல்லி அவரையே இருமவைத்தேன். சத்தம் கேட்டால் மட்டும் எடுத்தேன். முதலில் ரத்தக் கோடு போயிற்று, பிறகு சளியின் நிறம் வெளுத்தது, பிறகு எடுப்பதற்கே பெரிதாக ஒன்றும் இல்லாமல் போயிற்று. பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத்தான் கிடந்தது.

யாராக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டும். அத்தை பதறினார். "என்னாடி ஒண்ணுமே வரல? உள்ளயே தங்கிப் போச்சா?" என்று நான் குளிக்கப் போகிற நேரமெல்லாம் மாமாவின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். பார்க்க வந்த கோயில்காரர்கள் பாட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவர்கள் மாதிரி ஏமாந்த முகத்தோடு போனார்கள். ஒரு அம்மாள் என் காதுபடவே, "அந்தத் தம்பி இருந்தப்ப நெறைய வந்துது" என்றார். நான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

தொண்டை டாக்டரிடம் நானும் போனேன். படம் எதுவும் காட்டவில்லை. "நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள்" என்றேன். கேட்டார். இருமச் சொன்னார், மாமா நன்றாக இருமினார். "பரவாயில்லையே, சீக்கிரம் குறைஞ்சிடுச்சே" என்றார். எப்போதும் அதிகம் இல்லை, தண்ணீரைத்தான் நீங்கள் பார்த்தீர்கள் என்று விளக்கிச் சொன்னேன். "ஓ" என்றார். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு அந்த ஒரு எழுத்துப் போதும், அதிலேயே எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள்.

குழாயைச் சுற்றி உள்ளே உப்பியிருந்த காற்றுப் பையை இறக்கிவிட்டு, குழாயின் வாயை ஒரு மூடியால் அடைத்தார். மாமா பயந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு மூச்சு மூக்கு வழியாகப் போவது அவருக்கே தெரிந்தது. வாயைத் திறந்தார். துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் முறை வார்த்தையாக வந்தது. "சவரி, ஒரு டீ குடுறி."

அத்தை அந்த ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார். நானும் அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. மூடி போட்டபடியே சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் குழாயை உருவி எடுத்தார். ஓட்டையின் மேல் பஞ்சு வைத்து ஒட்டினார். பேசும்போது அந்தப் பஞ்சை விரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாக ஓடிவிடும். ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். நான் கடலூர் திரும்பினேன். நான் செய்த வேலையைப் பற்றி எனக்குக் கர்வம் இருந்தது. இன்றும் இருக்கிறது.

இரண்டே வாரத்தில் நன்றித் திருப்பலி என்று அத்தை போன் செய்தார். பூசை முடிந்து வீட்டு வாசலில் பந்தல், பிரியாணி. நான் வந்து சேர்ந்தபோது பந்தலில் ஜேபி நடுநாயகமாக நின்றுகொண்டிருந்தான். அன்று காலையில் அவன் வைத்த ஸ்டேட்டஸை வழியிலேயே பார்த்திருந்தேன். மாமாவின் படம், கீழே "கர்த்தர் கிருபையால் நமது பேஷண்ட் பூரண குணம், ஜேபி ஹோம் கேர்". இவன் மாரியம்மாள் மகன். கர்த்தர் எப்போது இவனிடம் வேலைக்குச் சேர்ந்தாரோ தெரியவில்லை.

அத்தை ஒரு தட்டில் சால்வையை மடித்து வைத்திருந்தார். யாருக்கு என்றேன். "ஜேபி தம்பிக்கி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அறிவு இருக்குதா அத்த ஒங்களுக்கு?"

"எங்கிட்ட ஏன் கத்துற? ஒங்க மாமாதான் சொன்னாரு. அவுரு கையாலதான் போடுவாராம்."

மாமா பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலர் பட்டன் போடாமல் பஞ்சு தெரிந்தது. நான் நேராக அவரிடம் போனேன்.

"மாமா, அவன் ஒங்கள என்னா பாடு படுத்துனான். நீங்க கும்புட்டது மறந்துபோச்சா? அவனுக்கா சால்வ?"

மாமா விரலைத் தூக்கிப் பஞ்சின் மேல் வைத்து அமுக்கினார். குரல் இன்னும் முழுசாக வரவில்லை, கரகரவென்று இருந்தது. ஆனாலும் கண்டக்டர் குரல்தான்.

"வலிச்சிதுதான். யாரு இல்லன்னா? அவன் சிரிஞ்ச எடுத்தாலே எனுக்கு உசுரு போயி வரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுக்கப்புறம் ஒக்காந்து பேசுவான். ஆலப்பாக்கத்துல எறங்குனவன், ஏறுனவன், மேட்ச்சு, எவன் செத்தான், எவன் ஓடிப்போனான், எல்லாஞ் சொல்லுவான். எம் மூஞ்சப் பாத்துச் சொல்லுவான். ஒங்கத்த பாட்டிலப் பாப்பா. சிந்தியா போன்ல படத்தப் பாப்பா. டாக்டரு ஃபைலப் பாப்பாரு."

"நான் வந்தேன் மாமா. நான்தான் குழாய எடுக்க வச்சேன்."

"வந்த. நல்லா செஞ்ச. இல்லங்கல." விரல் பஞ்சிலிருந்து வழுக்கி, பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. மறுபடி அமுக்கினார். "இருமுங்கன்னு சொல்லுவ, தலயத் தூக்குங்கன்னு சொல்லுவ. என்னாத்தப் பாத்துச் சொன்ன? குழாயத்தான் பாத்த."

மைக்கில் யாரோ ஜேபியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். மாமா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்று, நடுங்குகிற கைகளால் சால்வையைப் பிரித்து அவன் தோளில் போட்டார். கூட்டம் கை தட்டியது. அவன் ஏமாற்றுக்காரன்தான், படிப்பு இல்லாதவன்தான், நாளைக்கே இன்னொரு வீட்டில் இன்னொரு பாட்டிலை நிரப்பத்தான் போகிறான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மாமா திரும்பி வந்து உட்கார்ந்து, இன்னும் என்னவோ என்னிடம் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில் இல்லை. நான் அவர் கழுத்தில் ஓரம் பெயர்ந்திருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.